முப்பது தோல், முப்பது குட்டி

கண்ணாடி விரியன் முட்டை இடாது, குட்டி போடும். தாட்சாயணிக்கு இது தெரியாத சங்கதி இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து நாளைக்கு நான்கு தடவை இதைச் சொல்வதுதான் அவள் பிழைப்பே. வாய் சொல்லிக்கொண்டே இருந்தது, கண்தான் பார்க்கவில்லை. மார்ச் மாதம் விஜயபுரம் பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையில் பிடித்து, வனத்துறைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட பாம்பு நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போனது. ரிஜிஸ்டரில் ‘நன்றாகத் தேறி வருகிறது’ என்று எழுதினாள். ஜூன் மாதம் எலியைத் தொடாமல் சுருண்டு கிடந்தது. ‘தோல் உரிக்கப் போகிறது’ என்று எழுதினாள். ஒன்பது வருஷ அனுபவசாலியின் லட்சணம் இது.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. நகரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருப்பதிக்கு வந்து, ஊருக்கு வெளியே இருக்கும் அந்தத் தனியார் அருங்காட்சியகத்துக்குள் எட்டு மணிக்கு நுழைந்தாள். பாம்புக் கூண்டுகளுக்குப் பின்னால் நீளமாக ஒரு நடை உண்டு. பார்க்க வருகிறவர்கள் முன்பக்கக் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பாம்பின் உயிரை வாங்குவார்கள். வேலை செய்கிறவர்கள் இந்த நடையில் நின்று, பின்கதவைத் திறந்து எலி போடுவார்கள், தண்ணீர் மாற்றுவார்கள். நடையின் விளக்கைப் போட்டாள். நாலடி தள்ளித் தரையில் ஏதோ நெளிந்தது.

ஒரு சாண் நீளம். சுண்டு விரல் தடிமன்கூட இல்லை. ஆனால் முதுகு நெடுகச் சங்கிலி வளையங்கள் அச்சுப் பதித்ததுபோல இருந்தன.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மண்ணுளியாக இருக்கட்டும், மலைப்பாம்புக் குட்டியாக இருக்கட்டும் என்று ஒரு நொடி மனசு கெஞ்சியது. குட்டி சுருண்டு, தன் அளவுக்கு மீறி ‘ஸ்ஸ்’ என்று சீறியது. கெஞ்சலுக்கு அதுதான் பதில். விரியன் கூண்டைப் பார்த்தாள். கீழே காற்றுக்காக விட்டிருந்த கம்பி இடுக்கில் இன்னொரு குட்டி பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய பாம்பின் தலை நுழையாது என்று அளந்து வைத்த இடுக்கு. குட்டிக்கு அது ராஜபாட்டை.

“அண்ணா! கோவர்த்தன் அண்ணா! நடைக் கதவு அடியில சாக்கை அடைங்க. உள்ள கால் வைக்காதீங்க!”

கோவர்த்தனன் அடுத்த கூடத்தில் தவளைகளைப் பார்த்துக்கொள்பவர். ஐம்பது வயது, புத்தூர்க்காரர், வாயில் அதிகம் பேச்சு வராது. அன்றைக்கு அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தார்.

“இன்னாமா?”

“ரக்தபிஞ்சரி குட்டி போட்டுக்கீது. வெளிய வந்துக்கினு கீதுங்க.”

விரியனுக்குத் தெலுங்கில் அதுதான் பெயர். அவர் சாக்கை அடைத்தார். விஷப் பாம்புக் கூண்டை ஒருவர் திறந்தால் இன்னொருவர் வெளியே நின்று வாய்விட்டு எண்ண வேண்டும் என்பது அங்கே சட்டம். அவள் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் பெரிய பிளாஸ்டிக் வாளியில் போட, அவர் வாசலில் நின்று எண்ணினார். நடையில் மூன்று. இடுக்கில் ஒன்று. மற்றவை கூண்டுக்குள், தாயின் வயிற்றடியிலும் மரக்கட்டைக்குப் பின்னாலும் கிடந்தன. எண்ணிக்கை இருபதைத் தாண்டியபோது அவள் முதுகில் வியர்வை வழிந்தது. இருபத்தெட்டாவதையும் வாளியில் போட்டாள். தண்ணீர்க் கிண்ணத்தைத் தூக்கினால் அதன் அடியில் இரண்டு.

“முப்பது,” என்றார் கோவர்த்தனன்.

முப்பது சரி. ஆனால் பிறந்தது எத்தனை? விரியன் இருபதும் போடும், நாற்பதும் போடும். அது ஒன்றும் கணக்குச் சொல்லிவிட்டுப் பெறுவதில்லை.

மேலாளர் ஹரிபாபு வந்து நின்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் எந்தச் செய்தி வந்தாலும் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார்.

“ஏமைந்தி அம்மா, என்ன ஆச்சி? பதினோரு மணிக்கு சத்தியவேடுலேருந்து ஸ்கூல் பஸ் வருது. நாற்பது பிள்ளைங்க. ரோட்டுல வந்துட்டிருக்காங்க.”

“சார், எத்தனை பொறந்துச்சின்னு தெரியாம கதவைத் திறக்க வுட மாட்டேன்.”

“அதெப்படித் தெரியும்? பாம்பையேவா கேப்ப?”

“தோலைக் கேக்கலாம் சார். ரெண்டு மணி நேரம் குடுங்க.”

தொழிலில் இது ஒரு வழி. பிறந்த குட்டி சில மணி நேரத்திலேயே முதல் தோலை உரித்துவிடும். பூண்டுச் சருகு மாதிரி, ஊதினால் பறக்கும். குட்டி ஓடும், ஒளியும். தோல் போட்ட இடத்திலேயே கிடக்கும். எத்தனை தோலோ அத்தனை குட்டி. தாட்சாயணி நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உரிக்காத குட்டிகளை வேறு வாளியில் பிரித்து வைத்து, ஒவ்வொன்றும் மூக்கை உரசி உரசித் தோலைக் கழற்றுவதை ஒரு வாய் காபி இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கூண்டிலும் நடையிலும் கிடந்த தோல்களை ஈர்க்குச்சியால் பொறுக்கி வெள்ளைத்தாளில் பரப்பினாள். பத்தே முக்காலுக்குக் கடைசிக் குட்டியும் உரித்தது.

அவள் எண்ணினாள். கோவர்த்தனன் எண்ணினார். ஹரிபாபுவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார். முப்பது தோல், முப்பது குட்டி.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டபோது எழுத்து கோணியது. ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இடுக்கில் தகரம் அடித்தார்கள், வாளிகளை மூடிப் பூட்டினார்கள். ஹரிபாபு தானே போய்க் கதவைத் திறந்தார்.

சத்தியவேட்டுப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பு. கூட வந்த வாத்தியார் மாசிலாமணி, தொண்டை கட்டிப்போன மனிதர். பிள்ளைகள் அவரைவிடப் பாம்புக்குத்தான் அதிகம் பயந்தார்கள். தாட்சாயணி அவர்களைக் கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்துத் தன் வழக்கமான பேச்சைப் பேசினாள். வழக்கமான இடங்களில் அவர்கள் சிரித்தார்கள். வழக்கமான இடத்தில் வாயைப் பிளந்தார்கள். பேசி முடித்துத் தவளைக் கூடத்துக்கு அனுப்பி, பத்து நிமிஷம் கூண்டுகளைச் சரிபார்த்துவிட்டு, காலையிலிருந்து கழுவாத முகத்தைக் கழுவப் பின்பக்கம் போனாள்.

அங்கே கோவர்த்தனன் குனிந்து துப்பிக்கொண்டிருந்தார். கை கழுவும் தொட்டி முழுக்கச் சிவப்பு.

“வெத்தலை போட்டுக்கினீங்களா அண்ணா?” என்று சும்மா கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே உறைத்தது. பதினோரு வருஷமாக இந்த ஆள் வெற்றிலை போட்டு யாரும் பார்த்ததில்லை.

“பல்லு ஒரு மாதிரி கீது,” என்றார். திரும்பியபோது அவர் ஈறு நெடுக ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தார். துணி நனைந்து, முழங்கைவரை ஒரு கோடு ஓடியிருந்தது.

தாட்சாயணி அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். கடிபட்ட இடத்தில் ரத்தம் உறையாமல் ஓடும், ஈறு கசியும். எந்தப் பாம்பு கடித்தால் இப்படி ஆகும் என்று அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அதன் தெலுங்குப் பெயரிலேயே ரத்தம் இருக்கிறது.

“எது கடிச்சுது?”

“ஒண்ணுமில்ல. தொட்டி மூடி கிழிச்சிடுச்சி.”

“அண்ணா, எது கடிச்சுது?”

அவர் சுவரில் சாய்ந்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். “ஆறரைக்கே வந்துட்டேன். விளக்கைப் போட்டுப் பாத்தா, அது போட்டுக்கினு இருந்துச்சி. அப்பத்தான் வந்து வுழுந்த குட்டி ஒண்ணு, தோல்கூட உரிக்கல. கதவைத் திறந்து எடுத்தேன். பாட்டில்ல வுடும்போது சுருக்குன்னுச்சி. மூடி, சாப்பாட்டுப் பையில வச்சிட்டேன்.”

தோல் உரிக்காத குட்டி. அதன் தோல் எப்படிக் கூண்டில் கிடக்கும்? முப்பது தோலையும் முப்பது குட்டியையும் வைத்துக்கொண்டு அவள் கையெழுத்துப் போட்டபோது, முப்பத்தொன்றாவது இந்த ஆளின் சாப்பாட்டுப் பையில் இருந்திருக்கிறது. விரலில் கடியை வைத்துக்கொண்டு, வாசலில் நின்று, அவளோடு சேர்ந்து வாய்விட்டு எண்ணியிருக்கிறார். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அங்கேயே அறைந்திருப்பாள். அறைய நேரமில்லை.

“இப்ப எங்க அது?”

“தவளைத் தொட்டியில.” அவர் சட்டையால் வாயைத் துடைத்தார். “பசங்க வந்ததும் போட்டேன். பெரிய தவளை ஒரே கவ்வு. ஓ-ன்னு கத்தினாங்கமா. எல்லாரும் ஓடியாந்து நின்னாங்க. பதினோரு வருசத்துல என் தொட்டிகிட்ட ஒரு புள்ள ஒரு நிமிசம் நின்னதில்ல. பாம்பைப் பாத்துட்டு ஓடிடுவாங்க. தவளை பாம்பைத் துன்றதைக் காமிச்சா நிப்பாங்கன்னு…”

“முழுங்கிடுச்சா? பாத்தீங்களா?”

“வாயில வச்சிக்கினு இருந்துச்சி. எனக்குத் துப்பணும் போல இருந்துச்சி, வந்துட்டேன்.”

அவள் ஹரிபாபுவைக் கூப்பிட்ட குரல் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். அவர் ஓடி வந்தார். “விரியன் கடி. காலைல ஆறரை மணி. அவரை நடக்க வுடாதீங்க, தூக்கிக் கார்ல போடுங்க. பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர்கிட்ட விரியன்னு நீங்களே சொல்லுங்க, அவர் வாயை நம்பாதீங்க.” ஹரிபாபு அன்றைக்கு மட்டும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கொக்கிக் கம்பியையும் ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டு தாட்சாயணி தவளைக் கூடத்தின் வாசலுக்கு வந்தாள். உள்ளே ஓடவில்லை. ஓடினால் பிள்ளைகள் தள்ளுவார்கள், தள்ளினால் எந்தக் கை எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. சிமென்ட் தொட்டியின் கம்பி வலை மூடி திறந்து கிடந்தது. நாற்பது பிள்ளைகளும் அதைச் சுற்றி ஈக்கள் மொய்ப்பதுபோல மொய்த்துக்கொண்டிருந்தார்கள். விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கைகள்.

“பசங்களா, ஒரு போட்டி,” என்றாள். குரல் எங்கிருந்து வந்ததோ, சாதாரணமாக வந்தது. “கை ரெண்டும் முதுகுக்குப் பின்னால. மூணு அடி பின்னால வாங்க. யாரு சிலை மாதிரி நிக்கறீங்க, பாக்கலாம்.”

கைகள் விளிம்பிலிருந்து மறைந்தன. மாசிலாமணி சார் முன்னால் நின்ற பிள்ளைகளைத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். தொட்டிக்குள் பெரிய தவளை தண்ணீருக்குள் உட்கார்ந்து கண்ணை மூடி மூடித் திறந்தது. அதன் வாயில் எதுவும் இல்லை.

மூலையில் ஒரு பெண் மட்டும் நகரவில்லை. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் பவ்யா என்று எழுதியிருந்தது.

“அக்கா, தவளை துப்பிடுச்சி. இங்க வந்து உக்காந்துகினு கீது பாருங்க. பாவம், ஈரமா கீது.”

தொட்டியின் விளிம்பில், பெயர்ப் பலகைக்கு அடியில், அது சுருண்டிருந்தது. பவ்யாவின் விரல் அதை நோக்கி நீண்டிருந்தது. பயமே இல்லாமல், கோழிக்குஞ்சைத் தொடப் போகிற மாதிரி நீட்டியிருந்தாள். இடையில் நான்கு விரற்கடைகூட இல்லை.

தாட்சாயணி கம்பியை இடையில் நீட்டினாள். அதே நொடியில் குட்டி பாய்ந்தது. ‘டக்’ என்று இரும்பில் பட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பவ்யா விரலை இழுத்துக்கொண்டாள். அதை அள்ளி வாளியில் போட்டு மூடிய பிறகுதான் தாட்சாயணி கம்பியைப் பார்த்தாள். மஞ்சளாக ஒரு துளி விஷம், கடுகளவு, வழிந்துகொண்டிருந்தது. வாளியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“குட்டிதானக்கா,” என்றாள் பவ்யா. அக்காவுக்கு எதற்கு இப்படி வியர்க்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

பிள்ளைகளை அனுப்பி, கட்டடத்தைப் பூட்டி, வனத்துறைக்குப் போன் செய்து, அவர்கள் வந்து கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, தாட்சாயணி ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி மூன்றரை. வாசலில் ஹரிபாபு நின்றிருந்தார். சட்டையில் ரத்தம்.

“முதல்ல கண்ணாடிக் குழாய்ல ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் வச்சாங்க அம்மா. உறையவே இல்ல. சாய்ச்சா தண்ணி மாதிரி ஓடுது. மருந்து ஏத்திட்டிருக்காங்க. ஆறு மணிக்கு மறுபடி பாப்பாங்களாம். அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியுமாம்.”

கோவர்த்தனன் கட்டிலில் படுத்திருந்தார். உதட்டோரத்தில் பஞ்சு. கை முழங்கைவரை வீங்கியிருந்தது. அவரைப் பார்த்ததும் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்குப் பொங்கி வந்தது.

“உங்களுக்குப் புத்தி கீதா இல்லையா? விரல்ல கடியை வச்சிக்கினு முப்பது வரைக்கும் எண்ணினீங்களே! நான் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எட்டரைக்கே ஊசி போட்டிருப்பாங்க. அந்தப் பொண்ணு கையை நீட்டிட்டா தெரியுமா? நூலிழையில தப்பிச்சா. பதினோரு வருசமா பாம்புங்களோட ஒரே கூரையடியில கீறீங்க, விரியன் குட்டிக்கும் விசம்னு தெரியாதா?”

அவர் அவளையே பார்த்தார். கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

“தோல் உரிச்ச அப்புறம்தான விசம் இறங்கும்?”

“யாரு சொன்னது அப்படி?”

“நீதானமா,” என்றார். “தினம் நீதான பசங்களுக்குச் சொல்ற. செவுத்துக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேக்குதே. பொறந்த குட்டி கடிச்சா எறும்பு கடிச்ச மாதிரிதான், மொதல் தோல் உரிச்ச அப்புறம்தான் விசம்னு. பாம்பைப் பத்தி நீ சொன்னா தப்பா இருக்குமான்னுதான் உரிக்காததாப் பாத்து எடுத்தேன்.”

தாட்சாயணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சொன்னாள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்தூரிலிருந்து வந்த பள்ளிக்கூடத்தில் ஒரு சின்னப் பையன். விரியன் குட்டிகளின் படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வரமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டு அழுதான். அவனைச் சமாதானப்படுத்த வாயில் வந்ததைச் சொன்னாள். ‘பொறந்த குட்டி ஒண்ணும் பண்ணாதுடா, எறும்புக் கடிதான்.’ பையன் சிரித்துவிட்டான். கூட நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். நன்றாக எடுபட்டதே என்று அடுத்த நாளும் சொன்னாள். பிறகு அது பேச்சோடு பேச்சாக ஒட்டிக்கொண்டது. பொய் என்பது அவளுக்கே மறந்துபோய், வழக்கமாகச் சிரிப்பு வருகிற இடமாகிவிட்டது. இன்று காலையிலும் சொன்னாள். முப்பது குட்டிகளை வாளியில் பூட்டிவிட்டு வந்த வாயாலேயே சொன்னாள். முதல் வரிசையில் உட்கார்ந்து அந்தப் பவ்யா சிரித்தாள்.

சித்தூர், குப்பம், புத்தூர், விஜயபுரம். இரண்டு வருஷத்தில் எத்தனை பள்ளிக்கூடம் வந்து போனது! எல்லாம் வேர்க்கடலைக் கொல்லைக்கும் நெல்வயலுக்கும் நடுவே வீடு இருக்கிற பிள்ளைகள். வரப்பில் விரியன் குட்டி போடுகிற மாதம் இது. இந்த மனுஷனைத் திட்டினாளே. இவராவது ஒரு குட்டியைத்தான் எடுத்தார்.

“நான் தப்பா சொல்லிட்டனாமா?” என்று கோவர்த்தனன் கேட்டார்.

“இல்லண்ணா. நான்தான் சொல்லிட்டேன். நீங்க பேசாதீங்க, ரத்தம் வருது.”

வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தாள். வந்துபோன பள்ளிக்கூடங்களின் பெயரெல்லாம் அலுவலக நோட்டில் இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டே ஆக வேண்டும். ஆனால் நாற்பது பேர் இப்போது பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆளுக்கொரு கொல்லைப் பக்கம் நடப்பார்கள். மாசிலாமணி சாரின் எண்ணைத் தேடி அழுத்தினாள்.

“சொல்லுமா,” என்றது கட்டிப்போன தொண்டை. பின்னால் பஸ் இரைந்தது. “வழியில சாப்பாடு முடிச்சிட்டு இப்பத்தான் புத்தூர் தாண்டினோம். பசங்க இன்னும் தவளைக் கதையையே பேசிக்கினு வராங்க.”

“சார், பஸ்ஸை ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பசங்ககிட்ட காமிங்க.”

“இன்னாமா ஆச்சி?”

“நிறுத்துங்க சார், சொல்றேன்.”

பஸ் நின்றது. “யாரு பேசறாங்க தெரியுதா? பாம்பு அக்கா!” என்று வாத்தியார் சொல்வது கேட்டது. நாற்பது பேரும் ஒரே குரலில் “அக்கா!” என்று கத்தினார்கள். அடங்க நேரம் பிடித்தது. அதுவரை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

“பசங்களா,” என்றாள். “காலைல உங்களுக்கு நான் ஒரு பொய் சொல்லிட்டேன்.”